சக்கரையால வர்ற கண்புரை: அம்மாவையும் குழந்தையையும் ஒரு மாத்திரை காப்பாத்துமா?

மாசமா இருக்கும்போது சுகர் வந்தா பொறக்கிற குழந்தைக்குக் கண்புரை வரும், அதைத் தடுக்க ஒரு என்சைமை நிறுத்துற மாத்திரை இருக்கு, அது இல்லன்னா மஞ்சளும் வெங்காயமும் அதே வேலையைச் செய்யும்னு ஒரு கலவையான தகவல் வாட்ஸ்அப்ல அப்பப்போ சுத்துது. இதுல சில விஷயம் உண்மை, சில விஷயம் எலியில மட்டும் உண்மை, சிலது மாசமா இருக்கிற பொண்ணுங்களுக்கு ஆபத்து. மூணையும் ஒண்ணா சேர்த்துப் படிக்கும்போது குடும்பத்துல இருக்கிறவங்க பயந்து போய் எதையாவது வாங்கிக் குடுத்துடறாங்க. அதனால அடிப்படையில இருந்து பாப்போம், இதுல ஒரு நல்ல சயின்ஸ் இருக்கு, அது எதுவரைக்கும் வந்திருக்குன்னு புரிஞ்சா என்ன செய்யணும்ங்கிறது தானா தெளிவாயிடும்.

லென்ஸுக்குள்ள நடக்கிறது என்ன

கண்ணுக்குள்ள இருக்கிற லென்ஸுக்கு ரத்தக் குழாயே கிடையாது. அதைச் சுத்தி இருக்கிற நீர்ல இருந்துதான் சாப்பாடு எடுத்துக்குது. ரத்தத்துல சக்கரை ஏறினா அந்த நீர்லயும் ஏறும், அங்கிருந்து லென்ஸுக்குள்ள போறதுக்கு இன்சுலின் தேவையே இல்ல, அதனால உள்ள போற சக்கரைக்குத் தடுப்பே கிடையாது. அதுக்கப்புறம் நடக்கிறது இப்படி:

1. நார்மலான சக்கரை அளவுல லென்ஸ் குளுக்கோஸை வழக்கமான வழியில எரிச்சு சக்தியா மாத்திக்குது. அந்த வழிக்கு ஒரு அளவு இருக்கு, அதுக்கு மேல சக்கரை வந்தா அதால வாங்க முடியாது.

2. மிச்சம் நிக்கிற சக்கரையை அல்டோஸ் ரிடக்டேஸ்னு ஒரு என்சைம் பிடிச்சுக்குது. என்சைம்னா உடம்புல ஒரு பொருளை இன்னொரு பொருளா மாத்துற புரதம், தமிழ்ல நொதின்னு புஸ்தகத்துல படிச்சிருப்போம். இந்த நொதி குளுக்கோஸை சார்பிடால்ங்கிற சர்க்கரை ஆல்கஹாலா மாத்துது. சக்கரை கம்மியா இருக்கும்போது இதுக்கு வேலை கிட்டத்தட்ட இல்ல, ஏறினாதான் முழு வேகத்துல இறங்கும்.

3. சார்பிடால் செல்லுக்குள்ள இருந்து சுலபமா வெளிய வராது. உள்ளயே தங்கிட்டு தண்ணியை இழுக்கும். பாயசத்துல போட்ட உலர் திராட்சை உப்புற மாதிரி லென்ஸோட நார்களும் உப்பி, கடைசியில கிழிஞ்சு, ஒளி போக வேண்டிய இடம் வெள்ளையா மங்கிடும். அதான் சர்க்கரைக் கண்புரை.

4. இதே வேலைக்காக அந்த நொதி என்ஏடிபிஹெச்ங்கிற பொருளைச் செலவழிக்குது. லென்ஸ் தன்னைப் பாதுகாத்துக்க வச்சிருக்கிற குளூட்டதயோன் மறுபடி புதுசாகுறதுக்கும் அதேதான் வேணும். ஆக ஒரு பக்கம் வீக்கம், இன்னொரு பக்கம் பாதுகாப்பும் குறையுது.

1959ல ரூத் வான் ஹைனிங்கன்ங்கிற ஆராய்ச்சியாளர் சுகர் வந்த எலிகளோட லென்ஸ்ல சார்பிடால் சேர்ந்திருக்குன்னு கண்டுபிடிச்சாங்க. அதுக்கப்புறம் அமெரிக்காவுல ஜின் கினோஷிட்டா குழுவினர் வருஷக்கணக்கா வேலை செஞ்சு, சர்க்கரை ஆல்கஹால் சேர்றது, தண்ணி இழுக்குறது, புரை விழறதுன்னு வரிசையா நிரூபிச்சாங்க. 1995ல வந்த இன்னொரு ஆய்வு இதை இன்னும் உறுதியாக்குச்சு. சுண்டெலி லென்ஸ்ல இயற்கையாவே இந்த நொதி ரொம்பக் கம்மி, அதனால சக்கரை ஏறினாலும் அதுக்குப் புரை சுலபமா வராது. அந்தச் சுண்டெலி லென்ஸ்ல மரபணு மூலமா இந்த நொதியை அதிகமாக்கினாங்க, அப்புறம் சக்கரை ஏறினப்போ புரை வர ஆரம்பிச்சுது. எந்த உயிரோட லென்ஸ்ல இந்த நொதி எவ்வளவு இருக்குன்றது எவ்வளவு முக்கியம்னு இதுலேயே தெரியுது, இதைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி மனுஷனுக்கு வரும்போது இதான் கேள்வியே.

பால்ல இருக்கிற சக்கரை ஏன் இன்னும் மோசமாகலாம்

பால்ல இருக்கிற சக்கரை லாக்டோஸ். குடல்ல அது குளுக்கோஸ், கேலக்டோஸ்னு ரெண்டா பிரியும். கேலக்டோஸை கல்லீரல் குளுக்கோஸா மாத்திடும், சாதாரணக் குழந்தைக்கு இதுல எந்தப் பிரச்சனையும் இல்ல. ஆனா சில குழந்தைங்களுக்கு அந்த மாத்துற வேலையைச் செய்ற என்சைம் பொறவியிலயே இருக்காது, இதுக்குப் பேர் கேலக்டோசீமியா. அப்போ கேலக்டோஸ் ரத்தத்துல தேங்கும், லென்ஸுக்குள்ள போகும், அதே அல்டோஸ் ரிடக்டேஸ் அதைக் கேலக்டிடாலா மாத்தும்.

சார்பிடாலாவது மெதுவா இன்னொரு என்சைம் மூலமா ஃப்ரக்டோஸா மாறி வெளிய போகும். கேலக்டிடாலுக்கு அந்த வழியும் கிடையாது, உள்ள போனது உள்ளயே. அதோட இந்த நொதி குளுக்கோஸை விட கேலக்டோஸை நல்லா பிடிச்சுக்கும். அதனாலதான் கேலக்டோசீமியா குழந்தைக்குப் பொறந்து சில நாள்லயோ சில வாரத்துலயோ லென்ஸ் நடுவுல எண்ணெய்ச் சொட்டு மாதிரி தெரியற புரை வந்துடுது. பச்சைக் குழந்தைக்கு சக்கரையால கண்புரைன்னு சொன்னா முதல்ல நினைக்க வேண்டியது இதைத்தான், அம்மா சாப்பிட்ட ஸ்வீட்டை இல்ல. ஆற்காடு மக்கன் பேடா சாப்பிட்டதால குழந்தை கண்ணு வெள்ளையாச்சுன்னு ஒரு மாமியார் மருமகளைத் திட்டினா அது முழுக்கத் தப்பு, அந்தப் பொண்ணு மேல ஒரு குத்தமும் இல்ல.

கேலக்டோசீமியாவுல ரெண்டு வகை முக்கியம். ஒரு வகையில குழந்தை சில நாள்லயே பால் கக்கும், மஞ்சக்காமாலை வரும், எடை ஏறாது, கல்லீரல் வீங்கும், ரத்தத்துல கிருமி ஏறி உயிருக்கே ஆபத்தாகும். இன்னொரு வகையில குழந்தை நல்லா பால் குடிச்சு கொழுகொழுன்னு இருக்கும், கண்புரை மட்டும் வரும். இந்த ரெண்டாவது வகையைத்தான் வீட்ல யாரும் கவனிக்க மாட்டாங்க, குழந்தை மொகம் பாத்து சிரிக்கலையேன்னு மூணு நாலு மாசம் கழிச்சு தோணும்போது காலம் போயிருக்கும்.

அப்போ நொதியை நிறுத்தினா போதுமே?

இந்தக் கேள்விதான் எல்லா ஆராய்ச்சிக்கும் ஆரம்பம். எலிக்குத் தீவனத்துல பாதி கேலக்டோஸ் போட்டா சில நாள்லயே லென்ஸ்ல சின்னச் சின்ன நீர்க்குமிழி தெரியும், சில வாரத்துல முழுப் புரை விழும். அதே தீவனத்தோட அல்டோஸ் ரிடக்டேஸைத் தடுக்கிற சார்பினில்ங்கிற மருந்தைச் சேர்த்துக் குடுத்தப்போ லென்ஸ் தெளிவாவே இருந்துச்சு. சக்கரை அதே அளவு, நொதி மட்டும் வேலை செய்யல, புரை வரல. மருத்துவ ஆராய்ச்சியில இவ்வளவு சுத்தமான விடை கிடைக்கிறது அபூர்வம்.

மாசமா இருக்கிற எலிக்கு கேலக்டோஸ் தீவனம் குடுத்தா குட்டிங்களுக்கும் கண்புரை வர்றதை ஆராய்ச்சியாளர்கள் பல வருஷம் முன்னாடியே பாத்திருக்காங்க. கேலக்டோஸ் நஞ்சுக்கொடி வழியா போய் குட்டியோட லென்ஸ்ல அதே வேலையைச் செய்யுது. அம்மாவுக்கு ஒரு தடுப்பு மருந்து குடுத்தா வயித்துல இருக்கிறதுக்கும் சேர்த்துப் பாதுகாப்பு கிடைக்குமான்ற யோசனை இங்கிருந்துதான் வருது. யோசனை நியாயமானதுதான், அதை நான் குறைச்சு சொல்ல மாட்டேன்.

மாத்திரை ஏன் இன்னும் கைக்கு வரல

இந்த நொதியைத் தடுக்கிற மருந்துகளை மனுஷங்களுக்குக் குடுத்துப் பாத்தப்போ கதை வேற மாதிரி போச்சு:

1. சார்பினிலை சுகர் உள்ளவங்களோட விழித்திரைக்குக் குடுத்துப் பெரிய சோதனை நடந்து 1990ல முடிவு வந்துச்சு. சொல்ற அளவுக்குப் பலன் இல்ல, 100ல சுமார் 7 பேருக்கு அலர்ஜி வந்துச்சு.

2. டால்ரெஸ்டாட் சில நாட்டுல நரம்புப் பிரச்சனைக்கு விற்பனைக்கே வந்துச்சு. கல்லீரல் பாதிச்சு உயிரிழப்பு வரைக்கும் போனதால 1996ல திரும்ப எடுத்துட்டாங்க.

3. எபால்ரெஸ்டாட் ஜப்பான்ல 1992ல இருந்து இருக்கு, இந்தியாவுலயும் கிடைக்குது. ஆனா அது சுகரால வர்ற கால் எரிச்சல், மரத்துப் போறது மாதிரி நரம்புப் பிரச்சனைக்கு. கண்புரையைத் தடுக்கன்னு அதுக்கு அனுமதி இல்ல, மாசமா இருக்கிறவங்களுக்குப் பாதுகாப்புன்னு நிரூபிக்கப்படவும் இல்ல. அப்பாவுக்கு எழுதின மாத்திரை வீட்ல இருக்கேன்னு மாசமா இருக்கிற பொண்ணுக்குக் குடுக்கவே கூடாது.

4. கோவோரெஸ்டாட்ங்கிறது கேலக்டோசீமியாவுக்காகவே உருவாக்கின புது மருந்து. குழந்தைங்க ரத்தத்துல கேலக்டிடால் அளவை நல்லா குறைச்சுது, ஆனா சோதனையோட முக்கியமான இலக்கை எட்டல. 2024 நவம்பர்ல அமெரிக்க மருந்து அமைப்பு இப்போதைக்கு அனுமதி தர முடியாதுன்னு சொல்லிடுச்சு.

மாசமா இருக்கிறவங்க விஷயத்துல தனியா ஒரு சிக்கல் இருக்கு. இந்த அல்டோஸ் ரிடக்டேஸ் லென்ஸ்ல மட்டும் இல்ல, நஞ்சுக்கொடியிலயும் இருக்கு, கிட்னியிலயும் இருக்கு. கிட்னிக்கு உள்பக்கம் உப்பு அதிகமான இடத்துல செல்லுங்க சுருங்கிப் போகாம இருக்க சார்பிடால் உதவி பண்ணுது. அதாவது கண்ணுல கெடுதல் பண்றது இன்னொரு இடத்துல தேவையான வேலை பண்ணுது, வயித்துல ஒரு உயிர் உருவாகிட்டு இருக்கும்போது அதை மொத்தமா நிறுத்தினா என்ன ஆகும்னு சோதிக்காம யாரும் குடுக்க முடியாது, குடுக்கவும் கூடாது.

எலி வேற, மனுஷன் வேற

மேல ஞாபகம் வச்சுக்க சொன்னது இங்கதான். மனுஷ லென்ஸ்ல இந்த நொதி எலியை விட ரொம்பக் கம்மி. சுகர் வந்த நாய்ங்கள்ல பெரும்பாலானதுக்கு ஒரு ஒன்றரை வருஷத்துக்குள்ள புரை விழுந்துடுது, அதனால நாய்க்குக் கண்ணுல போடற சொட்டு மருந்தா இந்தத் தடுப்பானை வச்சு ஆராய்ச்சியும் நடந்திருக்கு. மனுஷனுக்கு அந்த வேகம் இல்ல. சுகர் உள்ள பெரியவங்களுக்குக் கண்புரை சீக்கிரம் வர்றது உண்மை, ஆனா அதுல சார்பிடாலோட சேர்த்து, சக்கரை லென்ஸ் புரதத்துல ஒட்டிக்கிறது, ஆக்சிஜன் சேதம், வயசுன்னு பல காரணம் இருக்கு.

அதைவிட முக்கியம், சுகர் இருக்கிற அம்மாவுக்குப் பொறக்கிற குழந்தைக்குக் கண்புரை வர்றது ரொம்ப அபூர்வம். அம்மாவோட குளுக்கோஸ் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போகும், இன்சுலின் போகாது, ஆனா குழந்தையோட கணையமே சொந்தமா இன்சுலின் சுரந்து அந்தச் சக்கரையைச் சமாளிக்கும். அதனாலதான் குழந்தை குண்டாகுது, பொறந்த உடனே அதுக்கு சுகர் திடீர்னு இறங்குது. சுகரால குழந்தைக்கு வர்ற நிஜமான ஆபத்து இதுங்கதான், கர்ப்பத்துக்கு முன்னாடியே சுகர் இருந்து கன்ட்ரோல் இல்லாம இருந்தா இதயம், முதுகுத்தண்டு குறைபாடும் சேரும். கண்புரைன்னு பயந்துட்டு இதையெல்லாம் விட்டுடக் கூடாது.

மஞ்சள், வெங்காயம், நெல்லிக்காய்

வெங்காயத்துல இருக்கிற குவெர்செடின் இந்த நொதியைத் தடுக்கும். அதோட நெருங்கிய வகையான குவெர்சிட்ரின், தென் அமெரிக்காவுல இருக்கிற டேகுங்கிற எலி மாதிரி பிராணியில புரை வர்றதைத் தள்ளிப் போடும்னு 1977லயே ஆய்வு வந்திருக்கு. ஹைதராபாத்ல இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் மஞ்சள், நெல்லிக்காய்னு நம்ம சமையல் பொருளையே எலியில சோதிச்சுப் பாத்திருக்காங்க, நல்ல வேலை அது. ஆனா 2003ல வந்த அவங்க ஆய்வுல ஒரு விஷயம் இருக்கு: கேலக்டோஸ் குடுத்த எலிக்கு மஞ்சள்ல இருக்கிற குர்குமினைக் கொஞ்சமா குடுத்தப்போ புரை தள்ளிப் போச்சு, அளவைக் கூட்டினப்போ புரை சீக்கிரமாவே முத்திடுச்சு. குழம்புல போடற மஞ்சள் போடறபடியே போடலாம், வெங்காயம் சாப்பிடலாம், ஆனா டப்பாவுல வர்ற குர்குமின் மாத்திரை, குவெர்செடின் மாத்திரை எல்லாம் மாசமா இருக்கிறவங்க டாக்டரைக் கேக்காம தொடக் கூடாது.

சரி, அம்மாவுக்கு இப்போ என்ன தடுப்பு

நொதியை நிறுத்த முடியலன்னா அதுக்குக் கிடைக்கிற சக்கரையைக் குறைக்கலாம். அதுக்கு வழி ஏற்கனவே நம்ம ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துலயே இருக்கு, குடியாத்தம் பேரணாம்பட்டு அணைக்கட்டுன்னு எந்தப் பக்கம் இருந்தாலும்.

75 கிராம் குளுக்கோஸைத் தண்ணியில கலந்து குடிக்க வச்சு 2 மணி நேரம் கழிச்சு ரத்தம் எடுப்பாங்க, 140 இல்ல அதுக்கு மேல இருந்தா கர்ப்பகால சுகர். சாப்பிட்டுப் போயிருந்தாலும் பரவால்ல, சென்னை டாக்டர் வி. சேஷையா முன்னெடுத்த முறை இது, வெறும் வயித்துல மறுபடி வான்னு திருப்பி அனுப்ப வேண்டியதில்லன்றதுதான் இதோட பெரிய பலம். பீஞ்சமந்தை மாதிரி மலை மேல இருந்து இறங்கி வர்ற ஒரு பொண்ணுக்கு அது எவ்வளவு பெரிய உதவின்னு யோசிச்சுப் பாருங்க. முதல் தடவை நார்மல்னு வந்தாலும் 24ல இருந்து 28 வாரத்துக்குள்ள மறுபடி பண்ணணும், நிறைய பேர் அந்த ரெண்டாவதைத்தான் விட்டுடறாங்க. குளுக்கோஸ் குடிச்ச அரை மணி நேரத்துக்குள்ள வாந்தி வந்துட்டா அன்னைக்கு டெஸ்ட் செல்லாது, இன்னொரு நாள் பண்ணணும்.

சுகர்னு வந்தா வெறும் வயித்துல 95க்குக் கீழ, சாப்பிட்டு 2 மணி நேரத்துல 120க்குக் கீழ வச்சுக்கப் பாப்பாங்க. முதல்ல சாப்பாடு, நடை, அதுல அடங்கலன்னா மருந்து. இன்சுலின் போட்டா குழந்தைக்கு ஆகாதுன்னு நெறைய வீட்ல சொல்றாங்க, இன்சுலின் குழந்தைகிட்ட போகவே போகாது, கன்ட்ரோல் ஆகாத சக்கரைதான் போகும்.

அம்மாவோட கண்ணுக்கும் ரெண்டு விஷயம். சக்கரை ஏறி இறங்கும்போது லென்ஸ் வீங்கி வத்தும், பார்வை மங்கலாகி பவர் மாறும், அப்போ அவசரப்பட்டு புதுக் கண்ணாடி வாங்க வேணாம், சுகர் நிலையான பிறகு டெஸ்ட் பண்ணிக்கலாம். கர்ப்பத்துக்கு முன்னாடியே சுகர் இருந்தவங்க மட்டும் முதல் மூணு மாசத்துலயே கண்ணுல சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பாத்துடணும், மாசமா இருக்கும்போது விழித்திரை பாதிப்பு வேகமா கூடலாம், இது புரையை விட அவசரம்.

குழந்தைக்கு: கண்மணியைப் பாருங்க

"இன்னாம்மா, கொழந்த கண்ணு வெள்ளையா கீதே"ன்னு பாட்டி சொன்னா அதைத் தட்டிக் கழிக்காம அன்னைக்கே கெளம்புங்க. கருவிழி நடுவுல வெள்ளையா தெரிஞ்சா, போட்டோவுல ஒரு கண்ணு மட்டும் செவப்பா தெரியாம வெள்ளையா தெரிஞ்சா, அது புரையா இருக்கலாம், கண்ணுல வர்ற புத்துநோயாவும் இருக்கலாம், ரெண்டுமே காத்திருக்கிற விஷயம் இல்ல. அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரி, வாலாஜா அரசு ஆஸ்பத்திரி, வேலூர்ல ஷெல் கண் ஆஸ்பத்திரின்னு நம்ம பக்கத்துல போறதுக்கு இடம் இருக்கு. டாக்டர் இருட்டு ரூம்ல ஒரு லைட் அடிச்சு கண்மணிக்குள்ள செவப்பு ஒளி திரும்ப வருதான்னு பாப்பாரு, சில நிமிஷ வேலை. பிரசவம் முடிஞ்சு டிஸ்சார்ஜ் ஆகும் முன்னாடி இந்த டெஸ்ட் பண்ணிட்டீங்களான்னு வாய்விட்டுக் கேளுங்க.

ரெண்டு கண்ணுலயும் பார்வையை மறைக்கிற புரை இருந்தா பொறந்து ரெண்டு மாசத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணாதான் மூளை பாக்கக் கத்துக்கும். லேட் ஆனா லென்ஸை எடுத்தாலும் பார்வை முழுசா வராது. குழந்தைப் புரைக்கு ரூபெல்லா, பரம்பரைன்னு வேற காரணமும் இருக்கு, 2017ல தமிழ்நாட்டுல தட்டம்மை ரூபெல்லா ஊசி போட்டது குழந்தைங்க கண்ணையும் சேர்த்துக் காப்பாத்தத்தான்.

கேலக்டோசீமியான்னு சந்தேகம் வந்தா டாக்டர் மூத்திரத்துலயும் ரத்தத்துலயும் பாப்பாங்க. உறுதியாச்சுன்னா தாய்ப்பால், மாட்டுப்பால், எருமைப்பால், ஆட்டுப்பால் எதுவும் கூடாது, சோயாவுல செஞ்ச குழந்தைப் பால் பவுடர்தான். லாக்டோஸ் இல்லாத பால்னு கடையில விக்கிறது இதுக்கு ஆகாது, அதுல லாக்டோஸை ரெண்டா உடைச்சு வச்சிருப்பாங்க, கேலக்டோஸ் உள்ளயேதான் இருக்கும். சீக்கிரம் நிறுத்தினா ஆரம்பப் புரை தானாவே தெளிஞ்சு போறதும் உண்டு. ஆனா டெஸ்ட்ல உறுதி ஆகாம சந்தேகத்துல நீங்களே தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது, சுகர் இருக்கிற அம்மாவோட பாலும் குழந்தைக்கு நல்லதுதான், அதுக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தம் இல்ல.

சொந்தத்துல கட்டினவங்க

கேலக்டோசீமியா வர்றதுக்கு அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்ட இருந்தும் பழுதான மரபணு வரணும். அவங்க ரெண்டு பேருக்கும் எந்தத் தொந்தரவும் இருக்காது. அப்படி ரெண்டு பேரும் வச்சிருந்தா ஒவ்வொரு கர்ப்பத்துலயும் 4ல 1 வாய்ப்பு. மாமன் மகள் அத்தை மகன் கட்டினா, அக்கா பொண்ணை தாய்மாமன் கட்டினா, ஒரே தாத்தா பாட்டிகிட்ட இருந்து ஒரே பழுது ரெண்டு பக்கமும் வர வாய்ப்பு கூடுது, தாய்மாமன் கட்டினா அந்த வாய்ப்பு மாமன் மகள் அத்தை மகன் உறவை விட ரெண்டு மடங்கு. ஏற்கனவே கட்டினவங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லல, பெரும்பாலான குழந்தைங்க நல்லாத்தான் பொறக்குறாங்க, டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லணும்ங்கிறதுக்காக சொல்றேன்.

முதல் குழந்தைக்குக் கேலக்டோசீமியா இருந்து அடுத்ததுக்கு மாசமா இருந்தா, அம்மா பால் தயிரை நிறுத்தினா மட்டும் போதாது, ஏன்னா வயித்துல இருக்கிற குழந்தையோட உடம்பே கொஞ்சம் கேலக்டோஸைத் தயாரிக்கும். வருங்காலத்துல நொதித் தடுப்பான் நிஜமாவே உதவக்கூடிய இடம் ஒண்ணு இருந்தா அது இந்தக் குடும்பங்களுக்குத்தான்னு நான் நினைக்கிறேன். அதுவரைக்கும் பிரசவத்துக்கு முன்னாடியே குழந்தை டாக்டர்கிட்ட விவரத்தைச் சொல்லி வைங்க, முதல் பால்ல இருந்தே சோயாப் பவுடர்ல ஆரம்பிச்சு, ரத்த டெஸ்ட் முடிவு வந்ததும் குழந்தைக்கு நோய் இல்லன்னா தாய்ப்பாலுக்கு மாத்திடலாம், அதுவரைக்கும் அம்மா தாய்ப்பாலைப் பீச்சி எடுத்துட்டே இருந்தா சுரப்பு நிக்காது.